கடல் கடந்த கேள்விகள்: விசிட்டில் போய் வேலைக்கு மாறலாமா?

போன இதழில் விசா சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம், வந்து குவிந்துவிட்டன. பெயர்களை நாங்களே எடுத்துவிட்டோம், இந்த விஷயத்தில் பெயர் போட்டு யாருக்கும் வம்பு வேண்டாம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சம்பள வரம்பு, கட்டணம் எல்லாம் வருடா வருடம் மாறும், ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த நாட்டு அரசின் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் ஒன்பதாவது வரை படித்தவன், வெல்டிங் நன்றாகச் செய்வான். துபாயில் வேலை தயாராக இருக்கிறது, விசிட் விசாவில் போய் இறங்கினால் ஒரு மாதத்தில் கம்பெனியே விசா மாற்றிக் கொடுத்துவிடும் என்கிறார் எங்கள் ஊர் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார், பாதி இப்போது, பாதி விசா மாறியதும். எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்கிறார்கள். அனுப்பலாமா?
(பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன், அதை அப்படியே ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்பது முழுப்பொய் இல்லை. விசிட்டில் போய், அங்கே வேலை தேடி, நல்ல கம்பெனி கிடைத்து, நாட்டுக்குள் இருந்தபடியே வேலை விசாவுக்கு மாறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அப்படி மாறுவதை அமீரகச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் மாறும் வரை ஒரு நாள்கூட வேலை செய்யக்கூடாது. உங்கள் ஏஜென்ட் சொல்லாமல் விடுவது இதைத்தான். போன மறுநாளே பையனை சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், 'பேப்பர் போய்க்கொண்டிருக்கிறது' என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்கள், 30 நாளோ 60 நாளோ விசா முடிந்ததும் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம் ஓட ஆரம்பிக்கும். நம் பணத்தில் தினமும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த நிலையில் இருக்கிறவன் சம்பளம் கொடு என்று யாரிடம் போய்க் கேட்பான்? பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் சோதனை வரும்போது உள்ளே போய் உட்காருவது முதலில் தொழிலாளிதான்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. பத்தாவது தேறாதவர் என்பதால் உங்கள் மகனின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் வகையாக, அதாவது வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையாக இருக்கும். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் போகவேண்டும். அது இந்திய அரசின் இமைக்ரேட் தளம் வழியாக நடக்கும், அங்கே கம்பெனி பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் பதிவாகும். கூடவே பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு கட்டாயம், இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான், விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் வரும். விசிட்டில் அனுப்பினால் இந்தப் பதிவு எதுவும் கிடையாது. ஏஜென்ட் விசிட் விசா என்று பிடிவாதம் பிடிப்பது பையனுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் இல்லை, தன் பெயர் எந்தத் தாளிலும் வராமல் இருக்கத்தான்.

ஒன்றரை லட்சம் விஷயம். உரிமம் பெற்ற ஆட்சேர்ப்பு ஏஜென்ட் ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். அதையும் ரசீது போட்டு வாங்கவேண்டும். உங்கள் ஊர் ஆள் உரிமம் உள்ளவரா என்று இமைக்ரேட் தளத்தில் தேடிப் பார்க்கலாம். 'நான் சென்னை ஆபீசுக்கு சப்-ஏஜென்ட்' என்பார், சப்-ஏஜென்ட் என்று சட்டத்தில் ஒருவர் கிடையாது.

சரி, பையன் போகவே கூடாதா என்றால், போகட்டும், வேலை விசாவில் போகட்டும். கம்பெனி முதலில் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரை அனுப்பவேண்டும், அது தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் தனியாகவும் படிகள் தனியாகவும் போட்டிருக்கும், அடிப்படையைப் பாருங்கள், வேலை முடித்து வரும்போது கிடைக்கும் தொகை அதை வைத்துத்தான் கணக்காகும். விசா கட்டணம் முதலாளியுடையது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டவிரோதம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, 1978-இலிருந்து ஆள் அனுப்புகிறார்கள், அங்கேயும் பதிவு செய்து வையுங்கள், வெல்டருக்குக் கேட்பு வரும். துபாயில் இறங்கியபிறகு ஏதாவது சிக்கல் என்றால் இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு 800 46342 என்ற இலவச எண் இருக்கிறது, அதைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சிக்கல் வரும்போது முதலில் பறிபோவது போன்தான்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. துபாயில் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றால் ஏர்லைனில் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். நாம் இனிஷியல் போடுகிறவர்கள், சர்நேமுக்கு எங்கே போவது?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: 2022 நவம்பரில் அமீரகம் கொண்டுவந்த விதி இது. பெயர்க் கட்டம், சர்நேம் கட்டம் இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவரைத் தன் செலவில் கூட்டிவருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு என்பதால்தான் இங்கே கவுன்டரிலேயே கறாராக இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள், உங்களுக்கு அது இருக்கும் என்று நினைக்கிறேன், டிக்கெட் போடுமுன் ஏர்லைனில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொன்னால் போதாது.

ஆனால் இதோடு விடாதீர்கள். அடுத்து அமெரிக்காவோ வேறு எங்கோ போகவேண்டி வந்தால் இதைவிடக் கூத்தாகும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரை சர்நேமாகப் போட்டுவிட்டு, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்-என்-யூ என்று மூன்று எழுத்தைப் போடுவார்கள், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அது அப்படியே வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு வரை ஒட்டிக்கொண்டு வரும். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் இருக்க, மருத்துவமனையில் "மிஸ்டர் எஃப்னு" என்று கூப்பிடுவார்கள், எழுந்து போகவேண்டும்.

பாஸ்போர்ட்டை மறுவழங்கலுக்குப் போட்டு சர்நேம் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான தமிழர்கள் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள், இனிஷியலை விரித்து எழுதுவதுதானே. பின்விளைவு ஒன்று உண்டு, வெளிநாட்டு ஆபீசில் வாழ்நாள் முழுக்க உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது பரவாயில்லை என்றால் சரி. இன்னொன்று, உங்களுக்கு ஒரு சர்நேம், உங்கள் பிள்ளைக்கு உங்கள் பெயரே சர்நேம், மனைவிக்கு அவர் அப்பா பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று இருக்கும், விமான நிலையத்தில் இது யார் குழந்தை என்று கேட்டால் பிறப்புச் சான்றிதழ்தான் பேசும், அதைக் கைப்பையிலேயே வையுங்கள். ஆதாரில் என்ன எழுத்தோ பாஸ்போர்ட்டிலும் அதே எழுத்து, ஓர் எழுத்து கூடக்குறைய வேண்டாம். கல்யாணமான பெண்கள் கணவர் பெயருக்கு மாற்றியே ஆகவேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள், அவசியமே இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் கணவர் எச்-1பி வேலை விசாவில், நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறோம். எங்கள் விசா ஸ்டாம்பிங் இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. சென்னை போய்விட்டு வந்தோம், டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் என் லைசென்ஸை நான்கே மாதத்துக்குக் கொடுத்தார்கள். கேட்டால் உங்கள் ஐ-94 அவ்வளவுதான் என்கிறார்கள். அது என் பாஸ்போர்ட் முடியும் தேதி. விசா இருக்கும்போது இது எப்படி?
(டல்லாஸ் வாசகி)

பதில்: அந்த லைசென்ஸ் கவுன்டர் ஊழியருக்கு ஒரு கும்பிடு போடுங்கள், அவர் சொல்லாவிட்டால் நான்கு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாமல் நீங்கள் ஸ்டேட்டஸ் இல்லாதவர் ஆகியிருப்பீர்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டும்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் அதிகாரி முடிவு செய்து ஐ-94 என்ற பதிவில் போடுகிறார், சட்டப்படி உங்களை ஆள்வது அந்தத் தேதிதான். எச்-1பி ஒப்புதல் எத்தனை வருடம் இருந்தாலும் பாஸ்போர்ட் அதற்கு முன்னால் முடிகிறது என்றால் பாஸ்போர்ட் தேதியோடு நிறுத்திவிடுவார்கள். முன்பு வெள்ளைச் சீட்டாகப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுத்தார்கள், கண்ணில் படும். இப்போது எல்லாம் கணினியில், யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டோமே, சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. புதுப் பாஸ்போர்ட் வந்தாலும் ஐ-94 பழைய தேதியிலேயே நிற்கும், அதை நீங்கள்தான் நகர்த்தவேண்டும்.

முதல் வேலையாக இன்றைக்கே சுங்க எல்லைத் துறையின் தளத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய ஐ-94 பதிவையும் தனித்தனியாக இறக்கிப் பாருங்கள். இலவசம். காசு கேட்டால் நீங்கள் வேறு ஏதோ தளத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கணவருக்கு ஒரு தேதி, உங்களுக்கு ஒரு தேதி, பிள்ளைக்கு ஒரு தேதி என்று இருப்பது சாதாரணம், மூவரின் பாஸ்போர்ட்டும் வெவ்வேறு வருடத்தில் எடுத்தவைதானே.

அடுத்து பாஸ்போர்ட் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் இரண்டு வழி. ஒன்று, ஐ-94 முடிவதற்கு முன்னால் நாட்டை விட்டு வெளியே போய்ப் புதுப் பாஸ்போர்ட்டோடு திரும்பி வருவது. உங்கள் ஸ்டாம்ப் உயிரோடு இருப்பதால் தூதரகம் போகவேண்டியதில்லை, விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட், புதுப் பாஸ்போர்ட், கணவரின் ஐ-797 என்ற எச்-1பி ஒப்புதல் கடிதத்தின் நகல், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வரலாம். பழைய பாஸ்போர்ட்டின் முனையை வெட்டித் தந்திருப்பார்கள், விசா பக்கம் சேதமாகாமல் இருந்தால் செல்லும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே நுழையும் இடத்திலேயே அதிகாரியிடம் பணிவாக, "ஐ-797-இல் உள்ள தேதி வரை கிடைக்குமா" என்று கேட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்து தளத்தில் சரிபாருங்கள். பக்கத்தில் கனடா என்று கிளம்பினால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது வழி, வெளியே போகாமல் ஐ-539 படிவம் போட்டு நீட்டிப்பது. ஐ-94 தேதிக்கு முன்னால் அது அவர்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். கணவருக்கும் தேதி குறைந்திருந்தால் அவருக்கு அவருடைய கம்பெனிதான் நீட்டிப்பு போடவேண்டும், நீங்களாகப் போட முடியாது, ஆகவே எச்.ஆருக்கு இன்றே மின்னஞ்சல். எச்.ஆர் "விசாதான் இருக்கிறதே" என்று பதில் போடுவார், இது நடந்தே தீரும், விடாதீர்கள், இமிக்ரேஷன் வழக்கறிஞரைக் கேளுங்கள் என்று திருப்பி எழுதுங்கள்.

தேதி கடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை. ஐ-94 தேதி தாண்டியதிலிருந்து சட்டவிரோதத் தங்கல் நாட்கள் எண்ணப்படும், 180 நாளைத் தாண்டி வெளியே போனால் மூன்று வருடம் திரும்பி வர முடியாது, ஒரு வருடமானால் பத்து வருடம். அடுத்த ஸ்டாம்பிங் வரை இழுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2025 செப்டம்பரிலிருந்து எச்-1பி புதுப்பித்தலுக்கும் நேர்காணல் என்றாகிவிட்டது, அந்த டிசம்பரில் சமூக ஊடகச் சோதனை வந்ததும் இந்தியாவில் நேர்காணல் தேதிகளை மாதக்கணக்கில் தள்ளிப் போட்டார்கள், லீவுக்கு வந்தவர்கள் வேலையை அங்கே விட்டுவிட்டு இங்கே மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாம்ப் செல்லும்போதே போய் வந்துவிடுவது நல்லது.

கேள்வி: எனக்கு அமெரிக்க விசா பத்து வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், ஒரு வருடம் கூட இருந்துவிட்டு வரலாம்தானே? ஏர்போர்ட்டில் எதுவும் பேசாதே என்கிறாள் மகள்.
(கோயம்புத்தூர் வாசகி)

பதில்: மேலே டல்லாஸ் பெண்ணுக்குச் சொன்ன பதிலேதான் அம்மா உங்களுக்கும். பத்து வருடம் என்பது அத்தனை வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போய்வரலாம் என்பதற்கு. ஒருமுறை போனால் தங்க பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்கள், அந்தத் தேதிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாமல் போய்விடும். நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைக்கவும் செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் இருந்து, நீட்டித்து, வந்த கையோடு மறுபடி கிளம்பினால் நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

எதுவும் பேசாதே என்பது தப்பான யோசனை. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: மகளைப் பார்க்க, குழந்தை பிறக்கப் போகிறது, இந்தத் தேதிக்குத் திரும்பும் டிக்கெட். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். நம் அம்மாக்கள் பலர் கால் நன்றாக இருந்தாலும் வீல்சேர் கேட்பது தள்ளிக்கொண்டு போகிறவர் வழி காட்டுவார் என்ற ஒரே காரணத்துக்குத்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவக் காப்பீடு எடுக்காமல் மட்டும் ஏறாதீர்கள். பெட்டியில் பொடி, ஊறுகாய் பரவாயில்லை, படிவத்திலும் வாயிலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பச்சைக் கறிவேப்பிலை கண்டிப்பாகக் கூடாது, அங்கே எலுமிச்சை ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று தடை செய்திருக்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை, ஒர்க் பெர்மிட். ஐபிஏவில், அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தில், 900 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்று இருந்தது. வந்தபிறகு லெவி ஏறிவிட்டது என்று மாதம் 200 வெள்ளி பிடிக்கிறார்கள். பெர்மிட் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது, வேறு கம்பெனி கூப்பிடுகிறது, முதலாளி விடமாட்டேன், ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்கிறார்.
(சிவகங்கைக்காரர், சிங்கப்பூர்)

பதில்: தம்பி, லெவி என்பது உங்களை வேலைக்கு வைத்ததற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் பணம். அதில் ஒரு காசுகூட உங்களிடம் பிடிக்கக்கூடாது, ஏறினாலும் இறங்கினாலும் அது அவர் பாடு. ஐபிஏவில் போட்ட சம்பளத்தைக் குறைக்கவேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்கவேண்டும். இரண்டில் ஒன்று, நீங்கள் படிக்காமல் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அல்லது அவர் சும்மா பிடிக்கிறார். எது என்று யோசித்துப் பாருங்கள். இனிமேல் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

இப்போது நல்ல செய்தி. பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை ஒரு ஜன்னல் திறக்கும். அந்த இடைவெளியில் புதிய கம்பெனி உங்களுக்கு விண்ணப்பித்தால் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அதற்கு முன்னால் என்றால் அவர் சம்மதிக்கவேண்டும், 21 நாளுக்குக் கீழே போய்விட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். பெர்மிட் அட்டையைப் பார்த்து அந்த இரண்டு தேதியையும் நாள்காட்டியில் குறித்து, புதிய கம்பெனியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். புதுக் கம்பெனி ஆள் "டிரான்ஸ்ஃபருக்கு இவ்வளவு வெள்ளி வெட்டு" என்றால் அதுவும் குற்றம்தான். பெர்மிட் புதுப்பிக்க சூப்பர்வைசர் கையில் ரொக்கம் வைப்பது ஊரறிந்த வழக்கம், அதையும் சட்டம் லஞ்சமாகத்தான் பார்க்கிறது, வாங்குகிறவர் மாட்டுவார்.

சம்பளப் பாக்கியை விடாதீர்கள். சம்பளச் சீட்டு, வங்கியில் வந்த தொகை, டைம் கார்டு, ஐபிஏ தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், டார்மிட்டரியில் பெட்டியோடு காணாமல் போனாலும் அங்கே இருக்கும். வெளிநாட்டு ஊழியர் மையத்தின் எண் 6536 2692, தமிழில் பேசலாம். ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று மிரட்டுகிறாரே, ஒருவேளை நிஜமாகவே சாங்கி வரை கொண்டுபோய்விட்டால், குடிநுழைவுக் கவுன்டரில் நின்று "சம்பளப் பாக்கி இருக்கிறது, அமைச்சில் புகார் கொடுக்கவேண்டும்" என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். புகார் விசாரிக்கப்படும் காலத்துக்குத் தங்க சிறப்பு அனுமதிச் சீட்டு கொடுக்க வழி இருக்கிறது.

கேள்வி: ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, மியூனிக்கில் மகள் பிறந்திருக்கிறாள். ஜெர்மன் குடியுரிமை தானாக வந்துவிடுமா?
(புதிய அப்பா)

பதில்: வாழ்த்துகள். தானாக வராது. பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி அங்கே வாழ்ந்து, நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருந்தால்தான் பிறப்பால் கிடைக்கும், 2024 ஜூன் வரை அது எட்டு வருடமாக இருந்தது. நீங்கள் வந்து மூன்று வருடம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் குழந்தை இந்தியக் குடிமகள். ஒரு வருடத்துக்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுங்கள். ஜெர்மனியில் குழந்தைக்கான வசிப்பு அனுமதியைப் பிறந்து ஆறு மாதத்துக்குள் கேட்கவேண்டும், பாஸ்போர்ட் வரவில்லை என்று காத்திருக்காமல் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். அங்கே நேர ஒதுக்கீடு கிடைப்பதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கிலாந்து வந்தேன். சிஓஎஸ் என்ற, முதலாளி தரும் ஸ்பான்சர் சான்றை வாங்க ஊரில் ஏஜென்டுக்குப் பல லட்சம் கொடுத்தோம். வேலையே சரியாகத் தரவில்லை, இப்போது கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்களாம். நானும் கிளம்பவேண்டுமா?
(லெஸ்டர் வாசகி)

பதில்: இன்றைக்கே இல்லை. லைசென்ஸ் ரத்தானதும் உங்கள் விசா அந்த நிமிடமே செத்துவிடாது. உள்துறை உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பும், பெரும்பாலும் மின்னஞ்சலில், தவறு உங்களுடையது இல்லை என்றால் பொதுவாக 60 நாள் கொடுப்பார்கள், விசாவே அதற்குள் முடிகிறது என்றால் அந்த நாள் வரை. ஏஜென்ட் விண்ணப்பித்தபோது தன்னுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால் கடிதம் அவருக்குப் போய்விடும், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், இப்படிச் சிக்கியவர்கள் உண்டு. ஆகவே முதலில் உங்கள் இ-விசா கணக்கில் நுழைந்து மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதா என்று பார்த்து மாற்றுங்கள்.

இந்த நாட்களுக்குள் புதிய ஸ்பான்சர் கிடைத்து, புதிய விண்ணப்பம் போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஊழியர்களை எடுப்பதை 2025 ஜூலை 22-உடன் நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்கள் கம்பெனி மாற 2028 ஜூலை வரை வழி வைத்திருக்கிறார்கள். அதனால் உள்ளே இருக்கிற உங்களைப் போன்றவர்களைத்தான் இப்போது கம்பெனிகள் தேடுகின்றன. வேலை கிடைத்தால் போதும் என்று சம்பளத்தைப் பார்க்காமல் விடாதீர்கள், 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 25,000 பவுண்டுக்குக் குறைந்தால் விசா நிராகரிக்கப்படும். இங்கிலாந்தில் இப்படி ஸ்பான்சரை இழந்த பராமரிப்பு ஊழியர்களை வேறு கம்பெனியோடு சேர்த்துவைக்க வட்டார வாரியாக அரசுப் பணத்தில் இயங்கும் குழுக்கள் இருக்கின்றன, லெஸ்டர் கிழக்கு மிட்லாண்ட்ஸில் வரும், உங்கள் ரத்துக் கடிதத்தை வைத்துப் பதிவு செய்யுங்கள், அது இலவசம். விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்று புதிய இடத்தில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், ஒப்புதல் வந்தபிறகுதான் தொடங்கவேண்டும். ரொக்கமாகத் தருகிறேன் வா என்று நம்மவர்களே கூப்பிடுவார்கள், போனால் அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது.

இப்போது யாராவது "புது சிஓஎஸ் ஏழாயிரம் பவுண்டு" என்று வாட்ஸ்அப்பில் வருவார். சிஓஎஸ் கட்டணம் முதலாளி கட்டவேண்டியது, அதை ஊழியரிடம் வசூலிப்பதை 2024 கடைசியிலேயே தடை செய்துவிட்டார்கள். ஆலோசனை சொல்லக் காசு வாங்குகிறவர் ஒன்று சொலிசிட்டராக இருக்கவேண்டும், இல்லை குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவராக இருக்கவேண்டும், பதிவேட்டைத் தளத்தில் தேடலாம். ஊர் ஏஜென்டுக்குக் கொடுத்ததற்கு ரசீது இருக்காது என்று தெரியும். ஜிபே, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் குரல் பதிவு எது இருந்தாலும் அழிக்காமல் எடுத்து வையுங்கள், ஊரில் அப்பாவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அதெல்லாம் நடக்கிறபடி நடக்கட்டும், நீங்கள் முதலில் அந்த 60 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கடிதத்தைப் பாருங்கள்.